தூண்டில் நரம்பில் பஞ்சுபோல் ஏறும் நீர்த்தெள்ளு: பெரிய ஏரிகளில் ட்ரோலிங் சாமான் எப்படித் தேர்வு செய்வது?

ஆகஸ்ட் மாதம். ஒன்டாரியோ ஏரியில், போர்ட் கிரெடிட் துறையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு படகு. ராடு வளைகிறது, சால்மன் மாட்டிவிட்டது. ரீலைச் சுற்றச் சுற்றப் பாதி தூரம் நரம்பு வருகிறது, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. நிமிர்ந்து பார்த்தால் ராடு நுனி வளையத்தில் நனைந்த பஞ்சை உருட்டி ஒட்டிவைத்தது போல ஒரு கட்டி. அது வளையத்துக்குள் நுழையாது, அது நுழையாமல் நரம்பும் நகராது. அந்தப் பக்கம் பத்துக் கிலோ மீன் இழுக்கிறது, இந்தப் பக்கம் ரீலைப் பிடித்து முறுக்குகிறார்கள், நடுவில் நரம்பு அறுந்துபோகிறது.

அந்தக் கட்டியின் பெயர்தான் நீர்த்தெள்ளு. கோடையில் வட அமெரிக்கப் பேரேரிகளில் ட்ரோலிங், அதாவது ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்து மீன் பிடிக்கப் போகிற எல்லோருக்கும் இது பரிச்சயம். டொரான்டோவைச் சுற்றி இருக்கும் தமிழர்களுக்கு ஒன்டாரியோ ஏரி வீட்டு வாசலில் இருக்கிற ஏரி, ஸ்கார்பரோவிலேயே ப்ளஃபர்ஸ் பார்க் படகுத்துறை இருக்கிறது. சாமான் வாங்கக் கடைக்குப் போனால் குழப்பம்தான் மிச்சம். ஒருவர் பின்னல் நூல் வாங்கு என்பார், இன்னொருவர் கம்பி என்பார், மூன்றாமவர் எந்த ஸ்பூன் (மீனைக் கவரும் உலோகத் தகடு) எந்த நிறம் என்று ஒரு மணி நேரம் பேசுவார். கோடைகால ட்ரோலிங்கில் முதலில் முடிவு செய்ய வேண்டியது நரம்பு. ஸ்பூனும் நிறமும் அதற்கு அப்புறம். ஏன் என்பதை அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

இந்தத் தெள்ளு எது?

பெயரில் தெள்ளு என்று இருந்தாலும் நாய் மேல் ஏறும் தெள்ளுப்பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இது பூச்சி இனமே இல்லை, இறால், நண்டு வகையறாவின் மிகச் சின்ன உறவுக்காரன். பேரேரிகளில் தொல்லை தருவது இரண்டு வகை.

1. முள்வால் நீர்த்தெள்ளு. அறிவியல் பெயர் பைத்தோட்ரெஃபீஸ். வாலோடு சேர்த்து ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், அதில் பெரும்பகுதி வால்தான். நேரான விறைத்த வால், அதில் ஜோடி ஜோடியாக முட்கள்.

2. கொக்கிவால் நீர்த்தெள்ளு. அறிவியல் பெயர் செர்கோபேகிஸ். உடம்பு இன்னும் சிறியது, வால் மெல்லியது, உடம்போடு ஒப்பிட்டால் ரொம்ப நீளம். வாலின் கடைசியில் ஒரு வளைவு, கொக்கி மாதிரி. ஒன்டாரியோ ஏரியில் நரம்பை அடைப்பதில் பேர் எடுத்தது இதுதான்.

நரம்பிலிருந்து ஒரு சிட்டிகை கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பரப்பிப் பாருங்கள். கண்ணாடி போன்ற உடம்புகள், நடுநடுவே மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கண். ஒரு உயிருக்கு ஒரே ஒரு பெரிய கண்தான், அதை வைத்துத்தான் இரையைத் தேடுகிறது. சிலவற்றின் முதுகில் ஒரு பை உப்பி இருக்கும். அது குஞ்சுப் பை. ஆண் துணையே இல்லாமல் பெண் மட்டும் தன் நகல்களை அந்தப் பையில் வளர்த்து விடுவதால்தான் ஜூனில் கண்ணில் படாத ஒன்று ஆகஸ்டில் ஏரி முழுக்க நிரம்பிவிடுகிறது. கோடை முடிந்து குளிர் நெருங்கும்போது ஆண்களும் பிறக்கும், அப்போது உருவாகும் தடித்த ஓடுள்ள முட்டைகள் அடியில் இறங்கிக் குளிர்காலத்தைத் தாண்டிவிடும். மீன் தின்றாலும் அந்த முட்டை அதன் வயிற்றைக் கடந்து உயிரோடு வெளியே வரும். இந்த முட்டையைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

எங்கிருந்து வந்தது?

இரண்டுமே இந்த ஏரிகளுக்குச் சொந்தமில்லை. கடல் கடந்து வரும் சரக்குக் கப்பல்கள், சரக்கு இல்லாதபோது நிலையாக நிற்பதற்காக அடித்தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். வந்து சேர்ந்த துறையில் அதை வெளியேற்றும்போது அதில் இருக்கும் உயிர்களும் இறங்கிவிடும். 1959-ல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்த பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டிய பெரிய கப்பல்கள் நேரே பேரேரிகளுக்குள் வர முடிந்தது. முள்வால் தெள்ளு 1982-ல் ஒன்டாரியோ ஏரியில் கண்ணில் பட்டது. 1987-க்குள் ஐந்து பேரேரிகளிலும் பரவிவிட்டது. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது ரஷ்யாவின் லடோகா ஏரிப் பக்கம் வழி போகிறது. கொக்கிவால் தெள்ளு கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியைச் சேர்ந்தது, 1998-ல் ஒன்டாரியோ ஏரியில் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருடமே மிச்சிகன் ஏரியில் இருந்தது.

முள்வால் தெள்ளு ஒன்டாரியோ ஏரிக்கு முதலில் வந்தும் ரொம்ப காலம் அங்கே அடங்கியே இருந்தது. அலைவைஃப் என்ற சிறு மீன் கூட்டம் கூட்டமாக இருந்து அதைத் தின்று தீர்த்ததுதான் காரணம். ஒரே உயிர் ஒரு ஏரியில் தொல்லையாகவும் பக்கத்து ஏரியில் அரிதாகவும் இருக்க முடியும் என்பதால், வேறு ஏரியில் மீன் பிடிக்கிறவர் சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ட்ரோலிங் என்றால் என்ன, என்னென்ன சாமான்?

ஓடுகிற படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவதுதான் ட்ரோலிங். சராசரி ஆழமே 86 மீட்டர், அதிகபட்சம் 244 மீட்டர் இருக்கிற ஏரியில் மீன் எங்கே இருக்கிறது என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து தேட முடியாது, படகை ஓட்டிக்கொண்டே தேட வேண்டும். சால்மனுக்குப் பொதுவாக மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகம்.

ஆழம்தான் முக்கியமான கேள்வி. சினூக் சால்மனுக்கு 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் தண்ணீர் பிடிக்கும். கோடையில் ஏரியின் மேல்மட்டம் 20 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்குக் கீழே தண்ணீர் சட்டென்று குளிரும் ஓர் அடுக்கு இருக்கிறது, தெர்மோக்ளைன் என்பார்கள். மீன் அந்த அடுக்கிலும் அதற்குக் கீழேயும் நிற்கும். ஆக, தூண்டிலைச் சூடான மேல் அடுக்கு வழியாகக் கீழே இறக்க வேண்டும். அதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

1. டவுன்ரிக்கர். படகின் ஓரத்தில் ஒரு சின்னக் கை, ஒரு சுருளிக் கம்பி, அதன் முனையில் நாலரை முதல் ஏழு கிலோ எடையில் ஒரு குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்கு மேலே ஒரு கிளிப்பில் மாட்டி இறக்குவார்கள். மீன் கடித்தால் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும், அப்புறம் மீனும் ராடும்தான்.

2. டைவர். தட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான். படகு இழுக்கும்போது சாய்வாகத் தண்ணீரை வெட்டிக்கொண்டு கீழேயும் பக்கவாட்டிலும் போகும்.

3. ஈயம் பொதிந்த நூல். நூலுக்குள்ளேயே ஈயக் கம்பி ஓடும். பத்து கஜத்துக்கு ஒரு நிறம் மாறும், எத்தனை நிறம் வெளியே விட்டோம் என்பதை வைத்து ஆழம் கணக்கிடுவார்கள். ஒரு நிறத்துக்குத் தோராயமாக ஒன்றரை மீட்டர், வேகம் கூடினால் அதுவும் குறையும்.

4. செப்புக் கம்பி. ஈய நூலை விட வேகமாக ஆழம் போகும், கையாள்வது கஷ்டம்.

நான்கிலும் நரம்பு அந்தச் சூடான மேல் அடுக்கைக் கடந்துதான் ஆக வேண்டும். கொக்கிவால் தெள்ளு வாழ்வதும் அந்த மேல் அடுக்கில்தான். தூண்டில் முனை தெள்ளு இல்லாத குளிர்ந்த தண்ணீரில் சுத்தமாக இருந்தாலும் அதற்கு மேலே இருக்கும் நரம்பு தெள்ளு மந்தைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பூனை மாற்றிப் பிரயோஜனம் இல்லை என்பது இதனால்தான்.

நரம்பு ஏன் வலையாக மாறுகிறது?

ஒரு சின்னக் கணக்கு. தெள்ளு இருக்கும் மேல் அடுக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் தடிமன் நரம்பு அதில் நின்றபடி மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒரு மணி நேரத்தில் அந்த நரம்பு கடந்துபோகும் தண்ணீர் 15 × 0.0005 × 4000, அதாவது 30 கன மீட்டர், 30 ஆயிரம் லிட்டர். ஒரு கன மீட்டருக்கு நூறு தெள்ளு இருந்தால் மணிக்கு மூவாயிரம் முறை ஏதாவது ஒன்று நரம்பில் முட்டுகிறது. சாய்வாக இழுக்கும் டைவர் நரம்பு இன்னும் நீளம் என்றாலும் அது சாய்ந்தே போவதால் முட்டும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

முட்டினதெல்லாம் ஒட்டினால் அரை மணியில் நரம்பு கயிறாகிவிடும். எது ஒட்டும், எது வழுக்கிப் போகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1. வால் மெல்லிய நரம்பைச் சுற்றி வளைத்துக்கொள்ளும், முட்களும் வளைவும் கொக்கி போட்டுப் பிடிக்கும். நரம்பு தடித்தும் விறைப்பாகவும் இருந்தால் வாலால் அதை வளைக்க முடியாது.

2. மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் முள்ளுக்குப் பிடி கிடைக்கும். பின்னல் நூலில் இழைக்கும் இழைக்கும் நடுவில் ஆயிரம் பள்ளங்கள். வழவழப்பான ஒற்றை இழையில் அது இல்லை.

3. முதல் தெள்ளு ஒட்டியதும் அதன் வாலே அடுத்ததற்குக் கொக்கி. ஆரம்பத்தில் மெதுவாகவும் அப்புறம் மளமளவென்றும் ஏறுவது இதனால்.

4. படகு ஓடும்போது தண்ணீர் தெள்ளுகளை நரம்பின் சாய்வோடு பின்னுக்குத் தள்ளும். முடிச்சு, ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் இருக்கச் சுழலும் இணைப்பு), கிளிப் எங்கே இருக்கிறதோ அங்கே அவை குவியும். ரீலைச் சுற்றும்போது மிச்சமிருப்பதை எல்லாம் நுனி வளையம் வழித்து ஒன்றாகத் திரட்டும். ஆரம்பத்தில் பார்த்தோமே அந்தக் கட்டி, அது வளையமே உருட்டித் தந்தது.

கொஞ்சம் யோசித்தால் விசித்திரமாகத் தெரியும். தடித்த நரம்பு அதிகத் தண்ணீரைக் கடக்கிறது, அதாவது அதில் அதிகத் தெள்ளு முட்டுகிறது. ஆனாலும் குறைவாகத்தான் ஒட்டுகிறது. பிடி கிடைக்காமல் போவது அவ்வளவு பெரிய வித்தியாசம்.

சரி, எந்த நரம்பு வாங்குவது?

நம் கடற்கரையில் தங்கூசி என்பார்களே, அந்த ஒற்றை இழை நைலான்தான் இதற்கு விடை. ஆனால் தடித்தது. பவுண்டு என்பது அறுபடாமல் தாங்கும் எடை. 12 பவுண்டு தங்கூசி சுமார் 0.38 மில்லிமீட்டர், 20 பவுண்டு 0.46, 30 பவுண்டு 0.55, 40 பவுண்டு 0.6 அளவில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால் டப்பாவில் பவுண்டை மட்டும் பார்க்காமல் மில்லிமீட்டரையும் பாருங்கள். நமக்கு வேண்டியது பலம் அல்ல, தடிமன். பத்துக் கிலோ சால்மனுக்கு 20 பவுண்டு நரம்பின் பலமே தாராளம், அதற்கு மேல் போவது முழுக்க முழுக்கத் தெள்ளுக்காக. அதனால்தான் 30 பவுண்டு பின்னல் நூல் இங்கே ஒன்றுக்கும் உதவாது. அதன் தடிமன் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவு, மேலே சொரசொரப்பு வேறு. மற்ற எல்லா மீன்பிடியிலும் அருமையான சாமான், தெள்ளுக் காலத்தில் மட்டும் வேண்டாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை முதன்மை நரம்பாக 30 பவுண்டு தங்கூசி, தெள்ளு மோசமாக இருந்தால் 40. அதன் முனையில் ஸ்விவலுக்கு அப்புறம் இரண்டு மீட்டர் சுமாருக்கு 15 அல்லது 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன் (தண்ணீரில் எளிதில் கண்ணில் படாத இழை) லீடர், அதாவது ஸ்பூனுக்கு முன்னால் வரும் முனை நரம்பு. லீடர் மெல்லியதாக இருக்கலாமா என்றால், இருக்கலாம். அது பெரும்பாலும் கீழே குளிர்ந்த தண்ணீரில் இருக்கிறது, ஸ்பூனுக்கு ஆட்டம் கொடுக்கவும் மீனின் கண்ணில் படாமல் இருக்கவும் அது மெல்லியதாக இருப்பதே நல்லது. முழு நரம்பையும் ஃப்ளோரோகார்பனில் போடுகிறவர்களும் உண்டு, விலைக்குத் தகுந்த பலன் அதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

தடித்த நரம்புக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். மூன்று விஷயங்கள்.

1. ரீலில் இடம். நரம்பு அடைக்கும் இடம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20 பவுண்டு நரம்பு 300 மீட்டர் கொள்ளும் ரீலில் 30 பவுண்டு போட்டால் 200 மீட்டர் சொச்சம்தான் கொள்ளும். பெரிய சால்மன் ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டருக்கு மேல் இழுத்துப் போகும் என்பதால் கொள்ளளவு குறைந்த பழைய ரீலில் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடக்கூடாது.

2. தண்ணீர் தடை. தடித்த நரம்பைத் தண்ணீர் அதிகமாகப் பின்னுக்குத் தள்ளும். டவுன்ரிக்கர் குண்டு இன்னும் சாய்ந்து பின்னால் போகும், வெளியே விட்ட நீளத்தைக் காட்டும் கவுண்டர் 30 மீட்டர் காட்டினாலும் உண்மையான ஆழம் அதைவிடக் குறைவு. கனமான குண்டு இதைச் சமாளிக்கும். டைவருக்குப் பாதிப்பு கூடுதல், அதே ஆழத்துக்கு இன்னும் நரம்பு விட வேண்டும்.

3. இழுவை. தங்கூசி நீளும். தூரத்தில் மீன் கடித்தால் தூண்டில் முள் பதிவது கொஞ்சம் தாமதமாகும். ட்ரோலிங்கில் படகின் வேகமே முள்ளைப் பதித்துவிடும் என்பதால் இதற்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

வசந்தத்தில், ஏப்ரல் மே மாதங்களில், தெள்ளு கிடையாது. அப்போது மெல்லிய நரம்பே நல்லது. இரண்டு ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) வைத்துக்கொண்டு ஜூன் கடைசியில் மாற்றுவதுதான் சரியான வழி. வருடம் முழுக்க ஒரே நரம்பு என்று பிடிவாதம் பிடித்தால் ஏதாவது ஒரு பருவத்தில் நஷ்டம்தான்.

இறக்கும் வழிகளில் எது தெள்ளுக்குத் தாங்கும்?

டவுன்ரிக்கர்தான் என் முதல் தேர்வு. நரம்பு கிட்டத்தட்ட நேராகக் கீழே போவதால் தெள்ளு அடுக்கில் இருக்கும் நீளம் குறைவு. ஆனால் குண்டைத் தாங்கும் கம்பியிலும் தெள்ளு ஏறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சமீப காலமாக எஃகுக் கம்பிக்குப் பதில் பின்னல் நூல் போடுவது பழக்கமாகி இருக்கிறது, மெல்லியது, தண்ணீரில் ஓசை எழுப்பாது. தெள்ளு இருக்கும் ஏரியில் இது வம்பை விலைக்கு வாங்குவது. குண்டை ஏற்றும்போது கப்பியில் தெள்ளு அடைந்து நின்றுவிடும். எஃகுக் கம்பியோடு இருங்கள். இன்னொன்று, ஒரே ராடில் இரண்டு தூண்டில் ஓட்டுவதற்காக நரம்பில் வழுக்கிக்கொண்டு இறங்கும் துணை லீடர் மாட்டுவார்கள். நரம்பில் தெள்ளு ஏறிவிட்டால் அது வழியிலேயே மாட்டிக்கொள்ளும். இந்த மூன்று மாதத்துக்கு அதை எடுத்து வைத்துவிடலாம்.

டைவருக்கு இரண்டே வழி. ஒன்று 30 அல்லது 40 பவுண்டு தங்கூசி, இன்னொன்று முறுக்கு எஃகுக் கம்பி. கம்பியில் தெள்ளு ஒட்டினாலும் விரலால் வழித்தால் உடனே போய்விடும், நீளவும் நீளாது, ஆழமும் நன்றாகப் போகும். ஆனால் ஒரு தடவை மடங்கினால் அந்த இடத்திலேயே அறுந்துவிடும், சாதாரண வளையங்களை அரித்துவிடும், கம்பிக்கென்று சுருள் நுனியோ உருளை நுனியோ உள்ள ராடு வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர் தங்கூசியிலேயே பழகட்டும்.

ஈய நூல் தடித்ததுதான், ஆனால் அதன் உறை பின்னல். செப்புக் கம்பியும் ஈய நூலும் படகுக்குப் பின்னால் ரொம்ப தூரம் சாய்வாகக் கிடப்பதால் ஏறினதைச் சுத்தம் பண்ண ஏராளமான நீளம் இருக்கிறது. ரீலுக்கும் அதற்கும் நடுவில் வரும் துணை நரம்பைப் பின்னல் நூலில் போடாமல் தடித்த தங்கூசியில் போட்டால் பாதித் தொல்லை குறையும்.

தண்ணீரில் இருக்கும்போது

எந்த நரம்பு போட்டாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கட்டியாகும் முன்பே உதிர்ப்பதுதான் வித்தை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, ராடு நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவில் விறைத்து நிற்கும் நரம்பை வீணைத் தந்தியைச் சுண்டுவது போல நாலு சுண்டு சுண்டுங்கள். அதிர்வு நரம்போடு தண்ணீருக்குள் இறங்கும். இறுகப் பிடிக்காதவை அப்போதே உதிர்ந்துவிடும். டவுன்ரிக்கர் நரம்பில் ரொம்ப பலமாகச் சுண்டினால் கிளிப் விட்டுவிடும் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மீன் மாட்டிய பிறகு இரண்டு பேர் வேலை. ராடு பிடித்தவர் ரீலைச் சுற்றுவதைத் தவிர வேறு எதையும் யோசிக்கக் கூடாது. இரண்டாமவர் நுனி வளையத்துக்குப் பக்கத்தில் நின்று, கட்டி சேரச் சேர விரலால் கிள்ளி எறிய வேண்டும். தண்ணீர் பீய்ச்சும் பாட்டில் ஒன்று கையில் இருந்தால் நல்லது, விரலால் கிள்ளி எடுத்தது போக மிச்சத்தை அது கரைத்துவிடும். நுனி எட்டவில்லை என்றால் ராடைப் பக்கவாட்டில் சாய்த்துக் கொண்டுவர வேண்டும், நரம்பைத் தளர விடக்கூடாது, தளர்ந்த நொடியில் சால்மன் முள்ளை உதறிவிடும். படகையும் நிறுத்தாமல் மெல்ல ஓட்டிக்கொண்டே இருந்தால் நரம்பு தானாகவே விறைப்பாக இருக்கும். தனியாகப் போகிறவர்கள் ராடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது உத்தமம். தெள்ளு ஏறிய ஆறு ராடை விடச் சுத்தமான இரண்டு ராடு அதிக மீன் தரும்.

வளையத்தில் கட்டி நிற்கும்போது ரீலை வலுக்கட்டாயமாக முறுக்காதீர்கள். இதைச் சொல்லாமல் விட முடியாது, இழந்த மீன்களில் பெரும்பகுதி அந்த இரண்டு விநாடி அவசரத்தில்தான் போகிறது. வளையத்தின் உள்பூச்சு விரிசல் விட்டால் அப்புறம் அந்த ராடு நரம்பை ஒவ்வொரு முறையும் அறுக்கும்.

காற்றைப் பார்த்து இடம் தேர்வது

பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்மட்டத் தண்ணீர் காற்றுத் திசைக்கு வலப்பக்கமாக விலகும். ஒன்டாரியோ ஏரியின் வடகரையில், அதாவது டொரான்டோ பக்கத்தில், மேற்கிலிருந்து இரண்டு மூன்று நாள் பலமாகக் காற்றடித்தால் சூடான மேல் அடுக்கு நடு ஏரிக்குப் போய்விடும், கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் கரையோரம் மேலே வரும். மேல் அடுக்கோடு அதில் மிதக்கிற தெள்ளுக் கூட்டமும் நகரும், சால்மனுக்குப் பிடித்த வெப்பநிலை பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்திலேயே கிடைக்கும். நரம்பும் கொஞ்சம்தான் விட வேண்டும், தெள்ளும் குறைவு. நியூயார்க் மாநிலத்துத் தென்கரையில் இதுவே கிழக்குக் காற்றுக்கு நடக்கும். படகு கிளப்பும் முன் காற்று எச்சரிக்கையைப் பார்ப்பது பாதுகாப்புக்கு மட்டும் என்று நினைக்காமல் முந்தின மூன்று நாள் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். கரையோரத் தண்ணீரின் வெப்பநிலை ஒரே நாளில் பத்து டிகிரி இறங்கியிருந்தால் அந்த நாளை விடாதீர்கள்.

நரம்பில் ஒட்டியது அடுத்த ஏரிக்கு

இதுவரை சொன்னது மீன் பிடிக்கிறவருக்கு ஆகும் தொல்லை. ஏரிக்கு ஆகும் சேதம் இதைவிடப் பெரியது. முள்வால் தெள்ளு ஒரு வேட்டைக்காரன். டாஃப்னியா என்ற இன்னொரு சின்ன உயிர்தான் அதன் முக்கிய இரை. டாஃப்னியா பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும், மீன் குஞ்சுகளுக்கும் அதுதான் சாப்பாடு. தெள்ளு அதைத் தின்றுவிடுகிறது. பதிலுக்குத் தெள்ளையே மீன் குஞ்சுகள் தின்னலாமே என்றால், அந்த முள்வாலைச் சின்ன வாயால் விழுங்க முடியாது. விழுங்கினாலும் வயிற்றைக் குத்தும்.

விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில் இருக்கும் மெண்டோட்டா ஏரியில் 2009-ல் முள்வால் தெள்ளு பெருகியது. டாஃப்னியா சரிந்தது, பாசி கூடியது, தண்ணீரின் தெளிவு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குறைந்தது. அந்தத் தெளிவைத் திரும்பப் பெற ஏரிக்குள் வந்து சேரும் பாஸ்பரஸை 71 சதவீதம் குறைக்க வேண்டும், அதற்கு 8.65 கோடி முதல் 16.3 கோடி டாலர் வரை செலவாகும் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கணக்குப் போட்டார்கள். ஒரு சென்டிமீட்டர் உயிர், ஒரே ஒரு ஏரி.

கப்பல் வழியைப் பெருமளவு அடைத்துவிட்டார்கள். தொட்டித் தண்ணீரை நடுக்கடலில் மாற்றிக்கொண்டுதான் பேரேரிகளுக்குள் வர வேண்டும் என்று 1993-ல் அமெரிக்கா கட்டாயமாக்கியது. காலித் தொட்டிகளையும் உப்புத் தண்ணீரில் அலச வேண்டும் என்பது 2006-ல் கனடாவிலும் 2008-ல் அமெரிக்கப் பக்கத்துக் கடல்வழியிலும் சேர்ந்தது. அதற்கப்புறம் புதிய உயிர்கள் வருவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் பேரேரிகளிலிருந்து உள்நாட்டு ஏரிகளுக்குக் கப்பல் போவதில்லை. நம் படகுகள்தான் போகின்றன. ஒன்டாரியோ மாகாணத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு ஏரிகளில் இன்று முள்வால் தெள்ளு இருக்கிறது. எந்தச் சாமானில் அதிகம் ஒட்டுகிறது என்று மின்னசோட்டாவில் சோதித்துப் பார்த்தபோது முன்னால் நின்றவை தூண்டில் நரம்பும் டவுன்ரிக்கர் கம்பியும்தான்.

ராடில் எது நம்மைத் தொல்லைப்படுத்துகிறதோ அதே ஒட்டும் குணம்தான் அதை ஊர் ஊராகக் கொண்டு போகிறது. முன்னே சொன்ன அந்தத் தடித்த ஓட்டு முட்டை, நரம்பில் செத்த தாயின் பையில் உயிரோடு இருக்கலாம். தெள்ளு செத்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று நினைப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

துறைக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியவை:

1. நரம்பை ஏற்றும்போதே ஈரத் துணியை மடித்து அதன் நடுவில் நரம்பை இறுக்கிப் பிடித்து வழியுங்கள். துணியில் சேர்ந்ததைக் குப்பையில் போடுங்கள், தண்ணீரில் அலசாதீர்கள். டவுன்ரிக்கர் கம்பியையும் இப்படியே துடைக்க வேண்டும்.

2. படகின் அடி அடைப்பானைத் திறந்து தண்ணீர் முழுவதையும் துறையிலேயே வடியுங்கள். ஒன்டாரியோவில் 2022 ஜனவரி 1 முதல் இது சட்டம், படகைச் சாலை வழியே கொண்டு போவதற்கு முன் அடைப்பானைத் திறந்து செடி, உயிர் எல்லாவற்றையும் நீக்கியிருக்க வேண்டும். நங்கூரக் கயிறு, வலை, உயிர் இரைப் பாத்திரம் இவற்றையும் பாருங்கள்.

3. அடுத்த ஏரிக்குப் போவதற்கு முன் சாமான் முழுக்கக் காய வேண்டும். மின்னசோட்டாவில் சொல்வது 5 நாள். ரீலில் சுற்றிய நரம்பு வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள் சுற்றுகளில் ஈரம் நிற்கும், ஸ்பூலைக் கழற்றிக் காற்றோட்டமாக வைக்க வேண்டும்.

4. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதென்றால் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான தண்ணீரில் சாமானைப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். அதுவும் முடியாதென்றால் பேரேரிக்கு ஒரு ராடு, விடுமுறை வீட்டுப் பக்கத்துச் சின்ன ஏரிக்கு வேறொரு ராடு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 30 பவுண்டு தங்கூசி சுற்றிய ராடுக்கு அந்தச் சின்ன ஏரியில் எப்படியும் வேலை இல்லை.